"முயல்தானே, காட்டில் பிழைத்துக்கொள்ளும்": ஒரு வாக்கியத்தின் வரலாறு



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் "முயல் குட்டி விற்பனைக்கு, சோடி இவ்வளவு" என்று பதிவு வரும். நாலைந்து மாதம் போனதும் "முயல்கள் இலவசம், கூட்டோடு எடுத்துச் செல்லலாம், அவசரம்" என்று இன்னொரு பதிவு. அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் நடப்பதை யாரும் குழுவில் எழுதுவதில்லை. ஓர் அட்டைப்பெட்டி, இருட்டு நேரம், உடவத்த கெலே பக்கத்து வேலி அல்லது ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரம். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "முயல்தானே, காட்டில் பிழைத்துக்கொள்ளும்."

நான் வரலாறு படிப்பிக்கும் ஆள். இந்த வாக்கியம் சரியா பிழையா என்பதற்கு வரலாற்றில் தெளிவான பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் இந்தப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சோடி வாங்க நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. தமிழில் "முயல்" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விலங்குகளைக் குறிக்கிறோம். நமது மலைநாட்டுப் புல்வெளிகளில் அந்தி நேரத்தில் பாய்ந்தோடும் காட்டு முயல் இந்த மண்ணின் சொந்த விலங்கு. பழுப்பு நிறம், பிடரியில் கறுப்புத் திட்டு, நீண்ட கால்கள். நிலவில் தெரிவதாக நம் பாட்டிமார் காட்டிய முயல் அதுதான். பௌத்த அயலவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் சச ஜாதகக் கதையில், பசித்து வந்தவருக்குத் தன்னையே உணவாகக் கொடுக்கத் துணிந்ததும் அதே முயல்தான்.

கூட்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் புள்ளி முயலும் வேறு இனம். அதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துக்கல், பிரான்சின் தென்மேற்கு. காட்டு முயலுக்கு 48 நிறமூர்த்தங்கள், வீட்டு முயலுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே உடம்பில் ரோமமும் திறந்த கண்ணும் இருக்கும். அது தரைக்கு மேலேயே பிறந்து, தனியாக வாழப் பழகிய விலங்கு. வீட்டு முயல் குட்டியோ ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். அதன் முன்னோர் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. ஆகவே "காட்டில் பிழைத்துக்கொள்ளும்" என்பவர் வேறொரு விலங்கை மனதில் வைத்துப் பேசுகிறார்.

இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தவர்கள் அந்தலுஸ் முஸ்லிம்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு சஈத் அல்மஃரிபி கிரனாடா பக்கத்தைச் சேர்ந்த அறிஞர். அரபியில் முயலுக்கு "அர்னப்" என்ற பொதுச் சொல் இருந்தும், ஸ்பெயினின் வளை முயலுக்கு "குனில்யா" என்ற தனிச் சொல்லை அவர் எழுதுகிறார். அது அர்னபை விடச் சிறியது, இறைச்சியும் ரோமமும் சிறந்தவை என்கிறார். வட ஆபிரிக்காவில் அது இருக்கவில்லை, சப்தா நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு அதன் சுற்றுப்புறத்தில் பெருகியது, தம் காலத்தில் தூனிஸுக்கும் கொண்டுவரப்பட்டது என்றும் குறிப்பிடுகிறார். சப்தா என்பது இன்றைய சியூட்டா. மனிதன் இந்த விலங்கைக் கையில் தூக்கிக்கொண்டு கடல் கடந்ததைப் பற்றி நமது அறிஞர் ஒருவர் விட்டுச் சென்ற குறிப்பு இது.

முயல் எப்போது வீட்டு விலங்கானது? கி.பி. 600 அளவில் ஒரு போப்பாண்டவர் முயல் குட்டியை நோன்புக் காலத்தில் சாப்பிடலாம் என்று அனுமதித்தார், அதனால் துறவிகள் மடங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள் என்ற கதை பல புத்தகங்களில் உண்டு. 2018இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அப்படியொரு அனுமதி இருக்கவே இல்லை. வேறொரு கிரகரி எழுதிய வேறொரு விஷயம் ஆளுக்கு ஆள் மாறி இந்தக் கதையாகிவிட்டது. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் ஃபோர்வட் மெசேஜ் இருந்திருக்கிறது! உண்மையில் முயல் ஒரு நாளில் வீட்டுக்கு வரவில்லை. ரோமர்கள் மதில் கட்டி அடைத்து வைத்தார்கள், மத்திய கால ஐரோப்பியர் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்த்தார்கள். பல நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்ல மனிதனிடம் வந்தது. வர வர, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் திறமையை இழந்தது.

இனி நமது வாக்கியத்துக்கு வருவோம். விட்டால் பிழைக்குமா? வரலாற்றில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. இரண்டுமே நாசம்தான்.

முதலாவது, போர்ட்டோ சாண்டோ. அத்திலாந்திக் கடலில் மடெய்ராவுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய தீவு. 1420களில் போர்த்துக்கேயர் அங்கே குடியேறியபோது அவர்களின் தலைவர்களில் ஒருவரான பார்த்தலோமேயு பெரஸ்த்ரெலோ ஒரு பெண் முயலைக் கப்பலில் கொண்டுபோனார். இவருடைய மகளைத்தான் பிற்காலத்தில் கொலம்பஸ் மணந்தார். வழியிலேயே அந்த முயல் குட்டி போட்டது. தாயையும் குட்டிகளையும் தீவில் விட்டார். அங்கே அவற்றைப் பிடித்துத் தின்ன எந்த விலங்கும் இல்லை. சில வருடங்களில் நட்ட பயிர் ஒன்றும் மிஞ்சவில்லை. குடியேறியவர்கள் தோற்றுப்போய்த் தீவை விட்டு விலக வேண்டி வந்தது. எல்லாம் ஒரு தாயின் வயிற்றிலிருந்து தொடங்கியது. நான்கு நூற்றாண்டு கழித்து சார்ள்ஸ் டார்வின் அந்தத் தீவு முயல்களின் வழித்தோன்றல்களை ஆராய்ந்து 1868இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

இரண்டாவது, அவுஸ்திரேலியா. 1859 நத்தார் தினத்தன்று மெல்பேர்னுக்கு வந்த கப்பலில் தோமஸ் ஒஸ்டின் என்ற பண்ணைக்காரர் 24 முயல்களை இறக்குவித்தார். வேட்டையாடி விளையாடத்தான். அவை கண்டம் முழுவதும் பரவின. 1901 முதல் 1907 வரை மேற்கு அவுஸ்திரேலியாவில் 3,000 கிலோமீற்றருக்கும் அதிகமான வேலி போட்டார்கள். தடுக்க முடியவில்லை. 1950இல் முயலைக் கொல்லும் வைரஸையே காட்டில் பரப்பினார்கள்.

இந்தக் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத பாதி ஒன்று இருக்கிறது. ஒஸ்டினுக்கு 71 வருடங்களுக்கு முன், 1788இல், முதல் குடியேற்றக் கப்பல்களிலேயே முயல்கள் வந்துவிட்டன. பிறகும் பல தடவை கொண்டுவந்தார்கள். அவை ஏன் நாட்டைப் பிடிக்கவில்லை? 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காரணத்தைக் காட்டியது. ஒஸ்டினின் முயல்களில் இங்கிலாந்துக் காட்டில் பிடித்த முயல்களின் இரத்தம் இருந்தது. முன்னர் வந்தவை கூட்டில் பிறந்து வளர்ந்த சாது முயல்கள். பல நிறம், தொங்கிய காது, மனிதனுக்குப் பயமில்லாத சுபாவம். அவற்றால் வெளியில் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நம் வீட்டுக் கூட்டில் இருப்பது எந்த வகை? இரண்டாவது வகை. உடவத்த கெலேயும் போர்ட்டோ சாண்டோ போல எதிரியற்ற தீவு அல்ல. கீரி, மரநாய், பாம்பு, பருந்து, தெருநாய் எல்லாம் நம்மைச் சுற்றி இருக்கின்றன. பச்சைப் புல்லில் வெள்ளை முயல் ஒன்று மறைய இடமேது? அங்கே விடுவது விடுதலை கொடுப்பதாகாது. நம் கண்ணுக்கு மறைவாகச் சாக விடுகிறோம், அவ்வளவுதான். தப்பித்தவறிப் பிழைத்தாலும் சரி என்று சொல்ல முடியாது, 1938இலிருந்து சரணாலயமாக இருக்கும் அந்தக் காட்டின் சொந்த விலங்குகளுக்கு அது நோயும் போட்டியுமாகத்தான் முடியும்.

இனி மார்க்கத்தின் பக்கம். இங்கே நம்மில் சிலர் ஒரு ஹதீஸைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தின்று வாழ அவிழ்த்தும் விடவில்லை, அதனால் தண்டிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். "அப்படியென்றால் அவிழ்த்து விட்டால் குற்றமில்லைதானே" என்பது இவர்களின் வாதம். பூனை தானாக வேட்டையாடி வாழும், ஹதீஸிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பிறந்த முயலுக்கு அந்த வழி இல்லை.

நாம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். நமது அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு நேரடியான சட்டம் இருக்கிறது. பிராணியின் சொந்தக்காரர் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மறுத்தால், உண்ண ஆகுமான பிராணியாயின் தீனி போடு, அல்லது விற்றுவிடு, அல்லது முறைப்படி அறு என்று அவர் நிர்ப்பந்திக்கப்படுவார். மூன்று வழிகள். இருட்டில் பெட்டியோடு வைத்துவிட்டு வருவது அந்த மூன்றில் இல்லை. ஃபத்வா சொல்வது என் வேலையல்ல. உங்கள் மௌலவியிடம் இந்தப் பகுதியை வைத்தே கேளுங்கள்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த இன்னொரு ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்). திமிஷ்கில் பிறந்து 1262இல் கெய்ரோவில் வஃபாத்தானவர். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர் பட்டியலிட்டிருக்கிறார். கிழடாகி, நோயாகி, பிரயோசனமில்லாமல் போனாலும் அதற்குச் செலவழிக்க வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது. அதைக் காயப்படுத்தக்கூடிய எதனோடும், தன் இனமானாலும் சரி, பிற இனமானாலும் சரி, சேர்த்து அடைக்கக் கூடாது. தங்குமிடம் நல்லதாக இருக்க வேண்டும். குட்டியை அதன் கண்முன் அறுக்கக் கூடாது. மிருக உரிமை என்பது மேற்கத்தியரின் புதுக் கதை என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஸஹாபாக்களின் வாழ்க்கையிலிருந்தும் ஒரு விஷயம். மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலைத் துரத்திப் பிடித்ததையும், அபூ தல்ஹா (ரலி) அதை அறுத்து அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பியதையும், அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் அறிவிப்பவர் அனஸ் (ரலி). முயல் ஹலால் என்பதற்கு இது ஆதாரம். அதே அனஸ் (ரலி) இன்னொரு சம்பவத்தையும் அறிவிக்கிறார். அவருடைய சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வரும்போது அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றி அன்பாக விசாரிப்பார்கள். அபூ உமைர் யாருடைய மகன்? அபூ தல்ஹாவின் மகன். முயல் சமைத்த வீடும் அதுதான், பிள்ளை குருவி வளர்த்த வீடும் அதுதான். சாப்பிடுவதும் ஆகும், பிள்ளைக்காக வளர்ப்பதும் ஆகும். இரண்டிலும் பொறுப்பு நம் கையில்.

நமது சொந்த வரலாறும் இதற்குச் சாட்சி. கண்டி மன்னர் காலத்தில் நம் மூதாதையரில் பலர் "மடிகே பத்த" என்ற போக்குவரத்துப் பிரிவில் சேவை செய்தவர்கள். பாதை இல்லாத காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மேலே வந்தன, பாக்கு கீழே போனது. மாட்டின் முதுகில் புண் வந்தால் குடும்பமே பட்டினி. பிராணியைப் பார்க்கத் தெரியாத ஒருவர் அந்தத் தொழிலில் ஒரு மாதம்கூட நின்றிருக்க முடியாது. அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு முயல் கூட்டைப் பராமரிப்பது பெரிய காரியமா?

சட்டமும் உண்டு. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் வீட்டுப் பிராணிகளுக்குப் பொருந்தும். ஆங்கிலேயர் காலத்து அபராதத் தொகை இன்று ஒரு சாப்பாட்டுக்கும் காணாது. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த புதிய விலங்கு நலச் சட்டமூலமும் வருடக்கணக்காக இழுபட்டது. எனவே பொலிஸுக்குப் பயந்து யாரும் நல்லபடி வளர்க்கப் போவதில்லை. மனச்சாட்சிதான் வேலை செய்ய வேண்டும்.

இனி, முயலின் வரலாறே நமக்குச் சொல்லித் தரும் பராமரிப்பு முறை.

அதன் பூர்வீகம் காய்ந்த புல்வெளி. அதனால் அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும், முரட்டுப் புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். ஆகவே பிரதான உணவு புல்லும் காய்ந்த புல்லும்தான், இரவு பகல் எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். மருந்து அடிக்காத இடத்துப் புல்லாகப் பாருங்கள். கடைத் தீனி கொஞ்சம் போதும். கரட் ஒரு இனிப்பு மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. பாண், சோறு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று அர்த்தம். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதன் முன்னோர் குளிர்ந்த வளைக்குள் வெயிலைக் கழித்தவர்கள். வெப்பத்தை அது தாங்காது. மார்ச், ஏப்ரலில் கண்டியிலும் தகரக் கூரைக்குக் கீழே கூடு வைத்தால் செத்துப்போகும். நிழல், காற்று, எப்போதும் தண்ணீர், கடும் வெயிலில் துணி சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்று. மழைச் சாரலும் படக்கூடாது. கம்பி வலை மட்டும் உள்ள தளத்தில் கால் புண்ணாகும், பலகையோ தடித்த புல் மெத்தையோ போடுங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்காமல் தூக்கினால் உதறும், முதுகெலும்பு முறிந்துவிடும்.

தாய் முயல் நாளுக்கு ஒரு முறை, சில நேரம் இரு முறை, சில நிமிடம் மட்டும்தான் பால் கொடுக்கும். காட்டில் எதிரிக்கு வளையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வந்த பழக்கம் அது. "தாய் குட்டிகளைப் பார்ப்பதில்லை" என்று பயந்து நாம் கையில் எடுத்துப் பசுப்பால் ஊட்டிக் கொல்கிறோம். குட்டியின் வயிறு உருண்டு இருந்தால் தாய் தன் வேலையைச் செய்திருக்கிறது.

கடைசியாக, இனப்பெருக்கம். இதில்தான் எல்லாப் பிரச்சினையும் தொடங்குகிறது. கர்ப்ப காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றே தாய் மீண்டும் சினைப்படலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு தடவைக்கு ஆறு குட்டி என்று வைத்தாலும் ஒரு தாயிலிருந்து வருடத்துக்கு 36. அதன் பெண் குட்டிகளும் நாலைந்து மாதத்தில் தாயாகும். அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல கணிதப் பயிற்சி.

"குட்டி விற்றுச் சம்பாதிக்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெல்ஜியன் ஹேர் என்ற வகை முயலுக்கு ஒரு பைத்தியமே பிடித்தது. ஒரு ஆண் முயலுக்கு ஆயிரம் டொலருக்கு மேலும் கொடுத்தார்கள். எல்லோரும் வளர்த்தார்கள், வாங்க ஆளில்லாமல் போனது, விலை சரிந்தது. 2012இல் தமிழ்நாட்டு ஈரோட்டுப் பக்கம் ஈமு கோழியில் நடந்ததும் அதுவே.

எனவே, பொறுப்பாகச் செய்வதென்றால்:

1. ஒன்றாக வாங்கும் குட்டிகள் ஆணா பெண்ணா என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி ஏமாந்த வீடுகள் ஏராளம். மூன்று மாதத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள்.

2. கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பிரதேச அரச மிருக வைத்தியர் அலுவலகங்களும் உண்டு. ஆணுக்குச் செய்த பிறகும் சில வாரம் பெண்ணோடு விடக்கூடாது.

3. குட்டி எடுக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு குட்டிக்கும் போகும் வீடு எது என்று முதலில் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் சேர்க்க வேண்டாம். கூடப்பிறந்தவற்றைச் சேர்க்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு முன் தாயாக்கக் கூடாது. ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் தாய்க்கு ஓய்வு வேண்டும். ஒரு கொப்பியில் திகதியும் தாய் தகப்பனும் குறித்து வையுங்கள்.

4. ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், அப்படிப் பிரித்த குட்டியை வாங்காதீர்கள். மின்ஹாஜில் அதே இடத்தில், குட்டிக்குக் கெடுதி வரும்படி தாயிடம் பால் கறக்கக் கூடாது என்றும் இருக்கிறது. குட்டியின் பால் குட்டிக்கு உரியது.

5. இரண்டு ஆண் முயல்களை ஒரே கூட்டில் அடைத்தால் கடித்துக் கிழித்துக்கொள்ளும். 1262இல் வஃபாத்தான அறிஞர் இதைச் சொல்லிவிட்டார்.

நன்றாகப் பார்த்தால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும். இன்று ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை ஏ.எல். எழுதி முடித்து வேலைக்குப் போகும் வரை அது உயிரோடு இருக்கலாம். அதற்குச் சம்மதமென்றால் வாங்குங்கள், பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சம்மதமில்லை என்றால் பெருநாளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

இப்போது கூட்டில் அளவுக்கு மிஞ்சிய முயல்கள் இருக்கும் வீடுகள் கூச்சப்படாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, கம்பளைப் பக்கம் பொறுப்பாக வளர்க்கக்கூடியவர்களும் சொல்லுங்கள். இருவரையும் சேர்த்து வைக்க என்னால் முடிந்ததைச் செய்கிறேன். இரவில் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள், அது போதும்.

வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ் நம் எல்லோருக்கும் இரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.